பயறு விதைக்க எந்த விதை: வீட்டுக் கானா, சந்தைச் சாக்கா, சீட்டுப் பொதியா?

புரட்டாதி பாதி தாண்டினால் திருகோணமலை மாவட்டத்து மூதூர்ப் பக்கம் இரண்டு விசாரிப்பு ஓயாது. மழை எப்போது இறங்கும் என்பது ஒன்று. "விதைக்கு என்ன வழி பார்த்தீங்கள்?" என்பது மற்றது. மழைக்கு என்னிடம் மறுமொழி இல்லை. விதைக்கு உண்டு, ஆனால் வேலியோரம் நின்று ஒரு வரியில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

கேட்கிறவர்களில் கூடுதலானோர் பயறு, அதாவது பாசிப்பயறு, போடுகிறவர்கள். கௌப்பி, உழுந்து போடுகிறவர்களும் உண்டு. நிலாவெளி, குச்சவெளி மணலில் கச்சான் (நிலக்கடலை) போடுகிறவர்கள் தனி. எல்லோருக்கும் முன்னால் கிடப்பது மூன்று வழி: போன போகத்தில் எடுத்து வைத்த சொந்த விதை, சந்தையில் சாக்கை அவிழ்த்து நிறுத்துத் தருகிற பயறு, சீட்டு ஒட்டி வருகிற அத்தாட்சிப்படுத்திய விதைப்பொதி. மூன்றிலும் நான் விதைத்திருக்கிறேன், மூன்றிலும் ஏமாந்தும் இருக்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலாவது முளைதிறன். நூறு விதையில் எத்தனை ஒழுங்கான நாற்றாகிறது என்ற கணக்கு இது. வேர்நுனி மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு நின்றுபோன விதையும், குருத்து இல்லாமல் வித்திலை (பருப்பின் இரண்டு பாதி) மட்டும் விரிந்த நாற்றும் இந்தக் கணக்கில் சேராது. பலர் "முளைச்சிட்டுது" என்று இவற்றையும் எண்ணிவிடுகிறார்கள்.

இரண்டாவது வீரியம். ஈரத்துணியில் 90 முளைக்கிற விதை வயலில் 60 மட்டும் வரலாம். துணியில் விதைக்கு மேலே மண்பாரம் இல்லை, பூஞ்சணம் குறைவு, ஈரம் ஏறி இறங்குவதில்லை. பயறு, உழுந்து, கௌப்பி மூன்றும் இரண்டு வித்திலையையும் சுமந்துகொண்டு மண்ணைப் பிளந்து மேலே வருகிறவை. கொண்டைக்கடலையும் துவரையும் அப்படியில்லை, வித்திலையைக் கீழேயே விட்டுவிட்டுக் குருத்தை மட்டும் அனுப்பும். அதனால் மழை பெய்து வெயில் அடித்து மேல்மண் அப்பளம்போல் இறுகினால் கூடுதலாக அடிபடுவது நம்முடைய பயறும் கௌப்பியும்தான். வயதான விதைக்கு அந்த அப்பளத்தை உடைக்கத் தெம்பு இராது.

மூன்றாவது வித்துறை, அதாவது விதையின் தோல். அவரைக் குடும்பத்துக்கே உள்ள குணம் இது: சில விதைகளின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. பயறு அவிக்கும்போது எல்லாம் குழைந்த பிறகும் பல்லில் கடிபடுகிற இரண்டு மூன்று கல்லுப்பயறு இருக்குமே, அதேதான். அது செத்த விதை இல்லை, உறங்குகிற விதை. புதிதாக அறுத்த விதையில் கூடுதலாக இருக்கும், வைத்திருக்க வைத்திருக்கக் குறையும். தோல் வெடித்த விதைக்கு இதற்கு மறுவளம்: தண்ணீர் ஒரே பாய்ச்சலாக உள்ளே போய், உள்ளிருக்கும் சர்க்கரை வெளியே கசிந்து, பூஞ்சணத்துக்குச் சாப்பாடாகிவிடும்.

இவற்றோடு இனக்கலப்பும் நோயும் சேரும். பிறகு, விதை கைக்கு வருகிற நாள். இதைக் குறைத்து மதிக்க வேண்டாம். ஐப்பசி முதல் மழை ஈரத்தில் விதைத்து, கார்த்திகை அடைமழைக்கு முன் நாற்று நிமிர்ந்துவிட வேண்டும். தண்ணீர் தேங்கிய மண்ணில் மூச்சுக் காற்று இல்லாமல் ஊறிய விதை ஒன்றிரண்டு நாளிலேயே அழுகத் தொடங்கும்.

கடைசியாகக் காசு. பலர் இதை முதலில் வைப்பதால் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். வரிசைக்கு வரிசை 30 சென்ரிமீற்றர், செடிக்குச் செடி 10 சென்ரிமீற்றர் என்றால் ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 1,35,000 செடி வேண்டும். ஆயிரம் பயறு 60 கிராம் நிறுக்கிறது என்று வைத்தால், எல்லாம் முளைத்தாலே 8 கிலோ தேவை. முளைதிறன் 85 என்றால் 9.5 கிலோ. 55 என்றால் 14.7 கிலோ. அதாவது 85 முளைக்கிற பொதி விதை, 55 முளைக்கிற சந்தைப் பயறை விட ஒன்றரை மடங்கு விலை என்றாலும் கணக்கு சமம். கூடுதலாக வாங்கியதைச் சுமந்த கூலி, இடைவெளிக்கு மறுபடி ஊன்றிய கூலி எல்லாம் இதற்கு வெளியே. கிலோ விலையைக் கேட்டு முடிவெடுக்கிறவர் இந்தக் கணக்கைப் போடாதவர்.

## சாக்குச் சோதனை

எந்த வழியில் போனாலும் இதைச் செய்யாமல் விதைக்காதீர்கள். கழுவிய சணல்சாக்குத் துண்டை நனைத்துப் பிழிந்து விரித்து, கைக்கு வந்தபடி எடுத்த 100 விதையைப் பத்துப் பத்தாக அடுக்க வேண்டும். நல்லதாகப் பொறுக்கி அடுக்கினால் உங்களையே ஏமாற்றுகிறீர்கள். சாக்கைச் சுருட்டி, விறாந்தை நிழலில் சரித்து வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் போதும். நாலாம் நாள் ஒருமுறையும் ஏழாம் நாள் ஒருமுறையும் எண்ணுங்கள். ஏழாம் நாளும் ஊதாமல் கல்லாகக் கிடப்பவை உறங்குகிறவை, அவற்றைத் தனியாக எழுதுங்கள். ஊதிக் குழைந்து, தொட்டால் வழுக்குகிறவை செத்தவை.

நான் இன்னொன்றும் செய்வேன். ஒரு பழைய பேசினில் விதைக்கப்போகும் வயலின் மண்ணையே நிரப்பி, ஓர் அங்குல ஆழத்தில் 50 விதை. சாக்கில் 90 வீதமும் பேசினில் 60 வீதமும் வந்தால் விதையின் வீரியத்திலோ மண்ணிலோ கோளாறு. மண்ணா விதையா என்று தெரிய, இன்னொரு பேசினில் ஆற்று மணல் போட்டுப் பார்த்தால் போதும்.

## சொந்த விதை

வீட்டில் வைத்த விதை நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, எந்தப் போகத்து விதை என்று. முளைதிறனின் பாதி விதி அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது.

பெரும்போகப் பயறு, அதாவது ஐப்பசி மழைக்கு விதைத்தது, மார்கழி, தை மாதங்களில் முற்றுகிறது. திருகோணமலையில் அந்த நேரம் மழை முழுதாக விட்டிருக்காது. காய் செடியிலேயே நனைந்து, காய்ந்து, மறுபடி நனையும். சில காய்க்குள்ளேயே விதை முளை விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முளைக்காததும் ஊதிச் சுருங்கித் தோல் தளர்ந்துபோன விதைதான். அதை அடுத்த ஐப்பசி வரை வைக்க வேண்டுமென்றால் ஒன்பது மாதம், அதுவும் வைகாசி, ஆனி வெக்கையைத் தாண்டி.

சிறுபோகப் பயறு வேறு கதை. ஆனி, ஆடியில் முற்றும்போது கச்சான் காற்று அனலாக வீசும். (காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பெயர் வைத்த ஊர்க்காரர் நாங்கள்.) காய் செடியிலேயே கலகலவென்று காயும். அங்கிருந்து விதைப்புக்கு மூன்று மாதம்தான். ஆகவே பெரும்போகத்துக்கு விதை வேண்டுமென்றால், சிறுபோகத்தில் கிணற்றுத் தண்ணீர் எட்டுகிற இடத்தில் ஒரு சிறு பாத்தியாவது விதைக்கென்று போடுங்கள். என் அனுபவத்தில் இதைவிட மலிவான நல்ல விதை கிடையாது.

பாதுகாப்பில் எதிரி இரண்டு: ஈரமும் வண்டும். விதையின் ஈரப்பதன் ஒரு வீதம் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது விதை சேமிப்பில் பழைய கணக்கு. வைக்கிற இடத்தின் சூடு 5 பாகை குறைந்தாலும் அதே பலன். பயறை 10 வீதத்துக்கு இறக்கினால் நல்லது. ஈரமானி இல்லாவிட்டால் ஒரு உலர்ந்த போத்தலில் கொஞ்சம் காய்ந்த உப்பும் விதையும் போட்டுக் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் விதை இன்னும் ஈரம். காயவைப்பதைப் படங்கில், காலை வெயிலிலும் பின்னேர வெயிலிலும் செய்யுங்கள். தார் ரோட்டில் நடுப்பகலில் பரப்பினால் விதை சீக்கிரம் காயும், முளையமும் சேர்ந்து வெந்துவிடும். சாப்பாட்டுப் பயறுக்கு அது பிழையில்லை, விதைக்குப் பிழை.

வண்டு வீட்டில் பிறக்கிறது என்று நினைக்கிறோம். வயலிலேயே காயில் முட்டையிட்டு, விதையோடு வீட்டுக்கு வருகிறது. பயறின் மேல் வெள்ளையாக ஊசிமுனைப் பொட்டு ஒட்டியிருந்தால் அதுதான் முட்டை. நம் வெக்கையில் மாதத்துக்கு ஒரு தலைமுறை. காயவைத்து, சுளகில் புடைத்து, கிலோவுக்கு 5 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெய் விட்டுப் பிசறி, பிளாஸ்டிக் கானில் கழுத்து வரை நிரப்பி, மூடியை இறுக்கி வைத்தால் போதும். உள்ளே காற்று இல்லாமல் மிச்ச வண்டும் அடங்கும். அரைக்கான் நிரப்பி, வாரம் ஒருமுறை திறந்து பார்த்தால் பலனில்லை. அம்மா சாம்பலும் வேப்பிலையும் போட்டு வைப்பார். அதுவும் வேலை செய்யும், கானும் இறுக்கமாக இருந்தால்.

மறைந்த செலவு என்று பார்த்தால், நோய்ச் செடியிலிருந்து தெரியாமல் விதை எடுத்துவிடுவது. கௌப்பியில் தேமல் வைரசு சில விதை வழியாகவே அடுத்த பயிருக்குப் போகும். காய்க்கும் காலத்தில் வயலைச் சுற்றி, சுருண்ட இலை, தேமல் இலைச் செடிகளை ஒதுக்கி, நல்ல செடிகளுக்கு அடையாளத் துணி கட்டி வைக்கிற வேலை யாராவது செய்ய வேண்டும். மூன்று நாலு போகத்துக்கு ஒருமுறை புதுவிதை மாற்றுவதும் அதற்காகத்தான்.

## சந்தைப் பயறு

இதை முழுதாகத் தள்ளிவிடச் சொல்கிறவன் இல்லை நான். கையில் விதை இல்லாமல், மழையும் விழுந்துவிட்டால் வேறென்ன செய்வது? ஆனால் சாக்கிலிருப்பது சாப்பாட்டுக்கென்று வந்த பொருள். எந்த ஊர், எந்த இனம், எப்போது அறுத்தது என்று விற்கிறவருக்கே தெரியாது. மெசினில் அடித்ததில் தோல் வெடித்திருக்கலாம். பளபளப்புக்காகத் தேய்த்ததாகவும் இருக்கலாம்.

சில வருடத்துக்கு முன் ஒரு கடையில் "விதைப் பயறுதான், தம்பி" என்று கொடுத்ததை வாங்கி அரை ஏக்கர் போட்டேன். மணி பச்சையாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாக்குச் சோதனை செய்யவில்லை, மழை அவசரம். ஆறாம் நாள் வரம்பில் நின்று பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றும் பச்சை. குந்தியிருந்து விரலால் வரிசையைக் கிளறினேன். விதை ஊதி, பழுப்பாக, தோல் கழன்று, நசுக்கினால் புளித்த மணத்தோடு வெள்ளையாகக் கசிந்தது. பத்துக்கு ஆறு அப்படி. இரண்டு கல்லாகக் கிடந்தன.

அந்தக் கிளறலில் ஒரு பாடத்தையும் படித்தேன். முளைக்காத வரிசையைத் தோண்டினால் மண்ணே காரணத்தைச் சொல்லிவிடும். விதை போட்டபடி காய்ந்து கிடந்தால் ஈரம் போதவில்லை. ஈர மண்ணில் கல்லாகக் கிடந்தால் தோல் உறக்கம். ஊதி அழுகியிருந்தால் செத்த விதை, அல்லது தண்ணீர் தேங்கியது. முளைத்து, மண்ணுக்குக் கீழேயே சுருண்டு, கழுத்து தடித்து நின்றால் மேலோடு இறுகல் அல்லது ஆழம் கூடுதல். அதற்கு விதையைக் குறைசொல்லக் கூடாது, விளக்குமாறால் மெல்லக் கீறிவிட்டாலே பாதி எழும். வெறும் தோல் மட்டும் கிடந்தால் எறும்போ புறாவோ. மயில் வந்திருந்தால் தோலும் இராது.

வாங்கத்தான் வேண்டுமென்றால், ஒரே சாக்கிலிருந்து அரைக்கிலோ முதலில் வாங்கிச் சோதனை போட்டு, அந்தச் சாக்கையே ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். ஓட்டை விழுந்த மணி, உடைந்த மணி, நிறம் மாறிய மணி எல்லாம் புடைத்து ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதை வைத்து விலையைக் கணக்கிடுங்கள். இனம் கலந்திருந்தால் முளைப்பில் தெரியாது, காய் பறிக்கும்போது தெரியும்: ஒரு செடி முற்ற, பக்கத்துச் செடி பூக்கும். இரண்டு பறிப்பில் முடிகிற வயலுக்கு நாலு பறிப்புக் கூலி.

## அத்தாட்சிப்படுத்திய பொதி

விவசாயத் திணைக்களத்தின் விதை அத்தாட்சிப்படுத்தலில், விதை நின்ற வயலையும் பார்த்து, விதை மாதிரியையும் ஆய்வுகூடத்தில் முளைக்கவிட்டுப் பார்த்த பிறகே சீட்டு ஒட்டுவார்கள். இனம் தெரியும். பயறில் எம்.ஐ. 5, எம்.ஐ. 6, கௌப்பியில் வருணி, தவல, உழுந்தில் அனுராத என்று கேட்டு வாங்கலாம். எம்.ஐ. என்பது மஹ இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தின் பெயர்ச் சுருக்கம். ஒரே இனம் என்பதால் வயல் ஒருசேர முற்றும். முதல் முறை பயறு போடுகிறவருக்கும், விதைக்கென்றே வளர்த்து விற்க நினைக்கிறவருக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் சீட்டில் உள்ள இலக்கம் சோதனை நடந்த அன்றைய இலக்கம். பிறகு அந்தப் பொதி தகரக் கூரைக்குக் கீழே எத்தனை மாதம் கிடந்தது என்று சீட்டுக்குத் தெரியாது. சோதனைத் திகதியைப் பாருங்கள். பொதியை வெயில் படுகிற இடத்தில் அடுக்கியிருந்தால் வேறு இடம் பாருங்கள். அதையும் சாக்கில் போட்டுப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெரிய குறை, நேரத்துக்குக் கிடைக்காமை. கமநல சேவை நிலையத்தில் தேவையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவருக்கே சில வருடம் மழைக்குப் பிறகுதான் வந்திருக்கிறது. 90 வீத விதை இரண்டு கிழமை பிந்தி வந்தால், 75 வீத விதையைச் சரியான ஈரத்தில் போட்டவர் முந்திவிடுவார். இன்னொன்று, பூஞ்சணக்கொல்லி பூசிய விதை என்றால் மிஞ்சியதை அவிக்கவோ கோழிக்குப் போடவோ முடியாது. வேர்முடிச்சுப் பற்றீரியாக் கலவை சேர்க்க நினைத்திருந்தால், பூசிய மருந்து அதையும் கொல்லக்கூடும் என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | சொந்த விதை | சந்தைப் பயறு | சீட்டுப் பொதி |
|---|---|---|---|
| முளைதிறன் | சிறுபோகத்தது நல்லது, மழையில் நனைந்தது மோசம் | முன்கூட்டிச் சொல்ல முடியாது | நல்லது, சோதனைத் திகதி புதிதானால் |
| வீரியம் | உலர்த்தியதையும் கானையும் பொறுத்தது | பெரும்பாலும் குறைவு | நல்லது |
| இனக்கலப்பு | மெல்ல மெல்லச் சேரும் | கூடுதல் | இல்லையென்றே சொல்லலாம் |
| கைக்கு வரும் நேரம் | எப்போதும் கையில் | நினைத்த நாளில் | பிந்தலாம் |
| மறைந்த செலவு | உலர்த்தும் உழைப்பு, வண்டு | இடைவெளி ஊன்றல், கூடுதல் பறிப்பு | பிந்திய விதைப்பு, மிஞ்சியது வீண் |
| யாருக்கு | சிறுபோகமும் செய்கிறவர் | வேறு வழி இல்லாதவர் | புதிதாகத் தொடங்குகிறவர், இனம் மாற்றுகிறவர் |

எனக்கென்று கேட்டால்: கால் ஏக்கருக்குப் பொதி வாங்கி, அதைச் சிறுபோகத்தில் விதைக்கென்று போட்டு, பெரும்போகம் முழுவதையும் அந்த விதையில் செய்வேன்.

## கச்சானும் சோயாவும்

இவை இரண்டுக்கும் மேலே சொன்னது முழுதாகப் பொருந்தாது. எண்ணெய் கூடிய விதை சீக்கிரம் கிழடாகும். கச்சானைக் கோதோடு வையுங்கள், விதைக்க ஒரு சில நாள் இருக்கும்போது கையால் உடையுங்கள். சந்தையில் உடைத்து வைத்த கச்சானை விதைக்கு வாங்கவே வேண்டாம். மேல்தோல் உரிந்த பருப்பு பாதி செத்த மாதிரி. சோயாவை ஒரு பெரும்போகத்திலிருந்து அடுத்த பெரும்போகம் வரை சாதாரண வீட்டில் வைத்துக் காப்பாற்றுவது கடினம், பொதியே மேல்.

## எந்த மண்

நிலாவெளி, குச்சவெளி மணலில் மேலோடு இறுகாது, ஆனால் ஒரே நாளில் மேல் ஈரம் போய்விடும். அங்கே ஒன்றரை அங்குலம் வரை ஆழம் போகலாம். கிணறு உவராகிற இடமென்றால் முளைக்கும் வரையாவது மழை ஈரத்தை நம்புங்கள். உப்புத் தண்ணீர் விதைக்குள் தண்ணீர் போவதையே தடுக்கும், பயறு கௌப்பியை விடக் கூடுதலாக அடிபடும். மூதூர், வெருகல் பக்கத்துக் களிமண்ணில் ஓர் அங்குலம் போதும், வடிகால்தான் முதல் வேலை. நெல் அறுத்த வயலில் மாசி மாத மிச்ச ஈரத்தில் பயறு போடுகிறவர்களுக்கு நாள்தான் எல்லாம். அறுத்த கிழமையே விதைக்காவிட்டால் மண் இறுகி, எந்த விதை போட்டாலும் வராது.

## ஊறவைத்துப் போடுவதா?

விதை எதுவென்று முடிவானதும் வருகிற அடுத்த கேள்வி இது. இரவு முழுக்க வாளித் தண்ணீரில் ஊறவைக்கிற பழக்கம் வெந்தயத்துக்கு இருக்கட்டும். அவரைக் குடும்ப விதை அவ்வளவு நேரம் தண்ணீருக்குள் மூச்சுத் திணறும், வித்திலை வெடிக்கும். மண்ணில் ஈரம் நிச்சயமென்றால் பயறையும் கௌப்பியையும் மூன்று நாலு மணித்தியாலம் ஊறவைத்து, வடித்து, நிழலில் மேல் ஈரம் உலரவிட்டு அன்றே ஊன்றலாம். ஒரு நாள் முந்தி வரும், அவ்வளவுதான். மழை வருமா வராதா என்றிருந்தால் காய்ந்த விதையே போடுங்கள். காய்ந்த விதை மண்ணில் ஒரு கிழமை பொறுத்திருக்கும், ஊறி முளை விட்ட விதை ஒரு வெயிலில் செத்துவிடும். கச்சானை ஊறவைக்கவே வேண்டாம். சாக்குச் சோதனையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கல்லுப்பயறு வந்த விதையை மட்டும், சாக்குக்குள் கரடு மணலோடு போட்டு இரண்டு பேர் இரு முனையையும் பிடித்து ஐந்து நிமிடம் உருட்டிவிட்டுப் போடுங்கள். தோலில் கீறல் விழுந்தால் போதும், உடைய விடக்கூடாது.